கூப்பிடு தூரம்

சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள். என் அண்ணை பத்மநாதன் சுவீடனைப் பற்றி விசாரித்தார்.

மாப்பிள்ளை குகதாசனிடம் விசாரிக்க அதிகம் இருக்கவில்லை என்பதும் உண்மைதான். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். தாய் தகப்பனைத் தெரியும். சாதகமும் பொருந்திவிட்டது. சுவீடனின் தென்பகுதியில், காடும் ஏரியுமான ஆஸ்ப்மோலா என்ற இடத்தில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். இதெல்லாம் 1991இல். அப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் அண்ணை, அண்ணி கலாவதி, அவர்களின் மகள் அருள்மலர், புருஷனை இழந்த நான் என்று நாலு பேர் இருந்தோம். அருள்மலர் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்றாள்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்குபவர். ஆழம் அறியாமல் காலை விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அவர்கள் எங்கிருந்தோ தடித்த புத்தகம் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வரைபடமும் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆஸ்ப்மோலா என்பது ஒரு தேவாலயப் பங்கின் பெயராம். அந்த நாட்டில் ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள காடு, வயல், ஏரி, சனம் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. பழைய காலத்தில் அந்தப் பகுதியைப் பனிப்பாறை மூடியிருந்ததாம். அது உருகிப் போகும்போது விட்டுச்சென்ற மணலும் கல்லும் ஒரு நீண்ட மேடாய்க் கிடக்க, அதன்மேல் தேவாலயத்தைக் கட்டினார்கள். மண் குறைவு, கல் அதிகம். பொறுக்கிய கல்லையெல்லாம் மதிலாய் அடுக்கினார்கள். பஞ்சம் வந்ததும் பாதிச் சனம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்த மதில்களைச் சுற்றி இப்போது காடு வளர்ந்து கிடக்கிறதாம். இதையெல்லாம் அண்ணை எங்களுக்குச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். மனோர் பார்க் முருகன் கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்ற ஒரு மலேசியாக்காரர்கூடத் தப்பவில்லை.

ஆனால் அண்ணை மயங்கியது வேறொன்றில். முன்பு அந்தப் பங்கில் வீடுகள் எல்லாம் தேவாலயத்தடியில் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒவ்வொருவரின் வயலும் துண்டு துண்டாய் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தது. பிறகு ஒரு சட்டம் வந்தது. நில அளவைக்காரர் அளவுச் சங்கிலியோடு வந்து, துண்டுகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரே காணியாய்ப் பிரித்துக் கொடுத்தார். அவரவர் மரவீட்டைப் பலகை பலகையாய்க் கழற்றிக்கொண்டுபோய் அவரவர் காணிக்குள் கட்டச் சொன்னார்கள். ஊர் கலைந்தது.

“வேலிச் சண்டைக்கு இடமே இல்லைப் பிள்ளை,” என்று அண்ணை என்னிடம் சொன்னார். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக முப்பது வருஷம் வழக்காடிய சகோதரர்களின் காணியைப் படம் வரைந்தவர் அவர். அவருக்கு அது சொர்க்கமாய்த் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. மேசையில் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி, இதுதான் மாப்பிள்ளை வாடகைக்கு இருக்கிற வீடு என்றார். அதைச் சுற்றி எல்லாம் பச்சை.

அண்ணையின் மூளைக்குள் வேலி இருந்ததே தவிர வேலியில் ஆள் நுழைந்து வர விட்ட பொட்டு இல்லை. என் புருஷன் கை ஓங்கிய காலத்தில், சத்தம் கேட்டவுடன் பக்கத்து வளவு அஞ்சலீனா அந்த ஓட்டைக்குள்ளால் குனிந்து வந்து நெருப்புப்பெட்டி கேட்பாள். அவள் வீட்டில் நெருப்புப்பெட்டி இல்லாமலில்லை. அந்த மனிதர் கையைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு நெருப்புப்பெட்டி எடுத்துக் கொடுப்பார். நான் இன்று உயிரோடு இருப்பதற்கு அவள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அண்ணையிடம் ஒன்றுதான் கேட்டேன். “அவள் கத்தினால் ஆருக்குக் கேக்கும்?”

அண்ணை அளவுகோலை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. பிறகு, நல்ல பெடியன், அவள் ஏன் கத்தப்போகிறாள் என்றார். அண்ணிக்கோ கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சம்பந்தமும் வேண்டும், மகள் தூரப் போகவும் கூடாது. அருள்மலர் குனிந்து அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தாள். அஞ்சலீனாவின் கதையை நான் அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குகதாசன் சுவீடனிலிருந்து போன் எடுத்தான். எல்லாருமாய் நடையில் வேலை இருப்பதுபோல் நின்றோம். அவனும் அருள்மலரும் முதலில் குளிரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அருள்மலர் நேரே கேட்டாள், அந்த வீட்டில் இருந்து தான் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று.

‘நீங்கள் ஏன் கூப்பிடப் போறியள்?’ என்று அவன் கேட்டால், போனைப் பறித்து வைத்துவிட நான் ஆயத்தமாக நின்றேன். ரிசீவருக்குள்ளால் அவன் குரல் எனக்கும் கேட்டது.

“ஒருத்தருக்கும் கேளாது. போன மாரியிலை விறகு எடுக்கப்போய் விழுந்து கால் முறிஞ்சது. கத்திக் கத்திப் பாத்தனான். கடைசியிலை தவண்டுதான் வீட்டை வந்தனான்.”

அந்த நிமிடத்தில்தான் அவனை எனக்குப் பிடித்தது.

“அப்ப நீங்கள் இங்கை வாங்கோ,” என்றாள் அருள்மலர். “எங்கடை ஆக்களிலை மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டை வாறது.”

விசாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போனது. வந்தான். சுவீடனைப் பார்க்கப் போவதாக நினைத்திருந்த அண்ணையிடம்தான் நாங்கள் துக்கம் விசாரிக்கவேண்டியிருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. தேநீர் குடித்து முடிக்குமுன்பே, தேவாலயம் நிற்கிற அந்தப் பனிப்பாறை மேட்டைப் பற்றி மருமகனிடம் கேட்டார். “அதுவோ மாமா? அந்த ஏத்தத்திலை சைக்கிள் மிதிக்க ஏலாது,” என்றான் அவன். அங்கே இருந்த ஆறு வருஷத்தில் அவன் கற்ற சரித்திரமும் பூமிசாத்திரமும் அவ்வளவுதான். அண்ணை வரைபடத்தை மடித்து உள்ளே வைத்தார். நாங்கள் மறுபடி மேசையில் சாப்பிட்டோம்.

கல்யாணமாகி, அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருவரின் குரலும் உயர்ந்தது. என்ன சண்டை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் நல்லவன்தான். எனக்குக் கல்யாணம் பேசியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். நான் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

குகதாசன் திறந்தான். முகம் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் அருள்மலர் கட்டிலில் இருந்தாள்.

“தம்பி, நெருப்புப்பெட்டி ஒண்டு இருக்கோ?” என்று கேட்டேன்.

எங்கள் வீட்டுக் காஸ் அடுப்பு பட்டனை அழுத்தினால் பற்றும். அது அவனுக்கும் தெரியும். என்னைப் பார்த்தான், திரும்பி அருள்மலரைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையில் சிகரெட்டுக்கு வைத்திருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து என் கையில் தந்தான்.

“எப்ப வேணுமெண்டாலும் வந்து கேளுங்கோ மாமி,” என்றான்.