கைப்பிடி கீழே

முதல் கம்பை என் கணவர் உடனே கொடுத்துவிட்டார். இரண்டாவதைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்து, அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, கூடாரத்தின் மூலைக்கு மூலை முளை சரியாக இறங்கியிருக்கிறதா என்று என்னைக் குடைந்துகொண்டே இருந்தார். எல்லாம் ஆயிற்று, கொடுங்கள் என்றேன். இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். அதற்கப்புறம் சொல்ல அவரிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

எங்கள் கூடாரத்துக்கென்று தனிக் கம்பு கிடையாது. அவருடைய பெருமைகளில் அதுதான் தலையாயது. வெறும் துணி, எட்டு முளை, கொஞ்சம் கயிறு, அவ்வளவுதான். பகலெல்லாம் ஊன்றி நடந்த இரண்டு கம்புகளையே சாயங்காலம் முன்னும் பின்னும் நட்டு அதன்மேல் துணியை நிறுத்திவிடுவார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் எடைபோட்டே பழகியவர். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்துத்தான் பையில் வைப்பார். மலையேற்றத்தில் கூட நடக்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கிராம்'. அந்த எடையை உங்கள் தொப்பையில் குறைக்கலாமே என்று கேட்டால் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். எனக்குக் கம்பு ஆகாது, கைவீசி நடக்கிறவள். அதனால் எங்கள் வீட்டில் இருந்ததே இந்த இரண்டு கம்புதான்.

இரண்டு வருடமாக அவர் கால்களில் தசை கரைந்துகொண்டு வருகிறது. போன பலம் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டுக்குள்ளும் அதே கம்புகள்தான். குளிக்கப் போகக் கம்பு, வாசல் மணி அடித்தால் கம்பு. மகள் வாங்கி அனுப்பிய வீல்சேர் பிளாஸ்டிக் உறையோடு கூடத்து மூலையில் நிற்கிறது, அதன்மேல் நான் மடித்த துணிகளை வைக்கிறேன். போன வாரம் அவர் மகளிடம் போனில் ஒரு பேரம் பேசினார். ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்குவார். காலையில் தானாக எழுந்து கூடாரத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால் வீல்சேரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் அதில் உட்கார்ந்துவிடுவார்.

"அம்மா, நீயாவது சொல்லக்கூடாதா?" என்றாள் மகள்.

நான் என்னத்தைச் சொல்ல. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, வலிக்காது என்று தினம் நாற்பது பேரிடம் கூசாமல் பொய் சொல்கிறவள். இவரிடம் மட்டும் எனக்குப் பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை. கம்பு ரெண்டையும் கூடாரத்துக்குக் கொடுத்துவிட்டு எதைப் பிடித்து எழுந்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். தவழ்ந்து வெளியே வந்து பாறையைப் பிடித்து எழுந்துவிடுவாராம். எல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து இருபது நிமிட நடை, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இப்போது இரண்டு கம்பும் கைக்கு வந்ததும்தான் கவனித்தேன். கூடாரத்துக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் வேண்டும். அவர் நடக்கிற அளவும் எப்போதும் அதுவேதான், அதனால் நீளத்தை மாற்றுகிற வேலையே இருந்ததில்லை. இரண்டிலும் நீளத்தை நிறுத்தும் பூட்டு நூற்றுப்பத்தில் நின்றது. என் கண்ணெதிரேதான் நடமாடிக்கொண்டிருந்தார். எப்போது இத்தனை குனிந்துபோனார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் பத்து சென்டிமீட்டர் இழுத்துப் பூட்டினேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைப்பிடி கீழ இருக்கணும். முனைதான் மேல, வளையத்துக்குள்ள போகணும்."

இருபது வருடமாகக் கேட்கிற பாட்டு. அவர் சொன்னபடி தலைகீழாகத்தான் நட்டேன். துணி விறைத்து நின்றதும் உள்ளே தவழ்ந்து போய், மேலே பார்த்துப் படுத்து, பரவாயில்லை என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. இரவு இருவருமே நன்றாகத் தூங்கினோம்.

விடிந்ததும் நான் வேண்டுமென்றேதான் வெளியே வந்தேன். அவர் சிரமப்படுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை எத்தனை கிண்டல் செய்திருப்பேன். கூடாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்ன அடுப்பைப் பற்றவைத்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். உள்ளே அவர் புரளும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று தனக்குத்தானே எண்ணினார். பிறகு துணி சரிகிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்பாதி முழுக்க அவர்மேல் விழுந்து கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வாய் இருக்கிற இடத்தில் துணி குழிந்து எழும்பியது. அந்தக் காட்சி என் எதிரிக்கும் வேண்டாம். ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அடிபடவில்லை. கம்பு அவர் கையில் இருந்தது. தலைமாட்டில், கைக்கு எட்டுகிற இடத்தில், நாளெல்லாம் பிடித்துப் பழகிய அதே கைப்பிடி. எழுந்திருக்க அதைப் பிடித்து மொத்த பாரத்தையும் போட்டிருக்கிறார்.

"பழக்கத்துல பிடிச்சிட்டேன்" என்றார்.

"கம்பு வழுக்கிடுச்சு. இதெல்லாம் கணக்குல சேராது. மறுபடி நட்டுத் தரேன், நிதானமா எழுந்திருங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "வலிக்காதுன்னு சொல்ற மாதிரியே சொல்ற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பிடித்த கம்பை மெதுவாகப் பக்கத்தில் படுக்கவைத்தார், அதற்கு வலித்துவிடக் கூடாது என்பதுபோல.

"அவகிட்ட சொல்லிடு. உறையப் பிரிச்சிடலாம்னு."

சரி என்றேன். துணி திரும்பத் திரும்ப அவர் முகத்தில் வந்து விழுந்தது. மண்டியிட்டு, ஒரு கையை உயர்த்தி உச்சியைத் தாங்கிக்கொண்டேன். கிளம்பலாமா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் போகட்டும் என்றார். வெளியே தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. வெயில் ஏறி, துணிக்குள் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. அவர் மல்லாந்து படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். என் தோள் கடுத்தது. மறு கையைக் கொடுத்துவிட்டு இந்தக் கையை இறக்கினேன்.

"இடது பக்கம் தொய்யுது" என்றார்.

கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.