ஏற்றத்தில் வந்த ஒலி

நமுனுகுல மலைமுடியைத் தழுவிக் கிடந்த வெண்பனி மெல்ல விலக, சரிவெங்கும் பசுந்தேயிலை அடுக்கடுக்காய் விரிய, கீழே பதுளை மாநகர் கோயில் மணியோசையும் பேருந்துகளின் இரைச்சலும் ஒன்றாய்க் கலக்கக் கண்விழிக்கும் காலைப்பொழுது அது. கடைத்தெரு முடிந்து ஏற்றம் தொடங்குமிடத்தில், பழைய மோட்டார் ஈருருளிகளுக்கு மறுவாழ்வு தருவதில் பேர்போன மரியநாயகத்தின் பட்டறை இருந்தது. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து கொய்யும் கலாராணி, தன் மகள் நிஷாந்தினியோடு அங்கே வந்து நின்றாள். நல்லறிவு வாய்ந்த படிப்பவரே, அவள் வந்த காரணத்தை மறைத்துவைத்துக் கதை வளர்க்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை விழுங்கிய ஆண்டில், அவள் கணவன் ரஜீவ் மண்ணுள் புதைந்தான். அன்று காலை அவனுடைய மோட்டார் வண்டி பாதி வழியில் நின்று கிளம்ப மறுத்ததால், அதை மேட்டுச் சாலையோரம் நிறுத்திவிட்டு வீடு திரும்பிப் படுத்தவன் அவன். அவன் உடலும் கிடைக்கவில்லை. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மருத்துவமனைக்குச் சென்றிருந்ததால் பிழைத்த கலாராணியின் வயிற்றில் அப்போது நிஷாந்தினி இருந்தாள். மாலைதோறும் ஏற்றத்தில் அவ்வண்டி வரும் ஒலியைக் கேட்டே தேநீருக்கு நீர் வைத்துப் பழகியவளுக்கு, அவ்வொலி ஒன்றே கணவனாய் எஞ்சி நின்றது. அதை மகளும் ஒருமுறை கேட்கவேண்டும். அது ஒன்றே அவள் வேண்டியது. ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்த வண்டியை மரியநாயகத்திடம் ஒப்படைத்தபோது, "இது சத்தம் போட்டு ஓடணும்ணே. எம்புள்ள அப்பா வந்த சத்தத்தக் கேக்கணும்" என்று சொல்லி அழுதிருந்தாள்.

மரியநாயகம் இளகிய நெஞ்சினர். ஆனால் தொழிலில் பிடிவாதக்காரர். வெள்ளைத்துரை ஒருவர் விட்டுப்போன அவ்வண்டியின் சட்டத்திலும் பொறியிலும் வெட்டியிருந்த எண்கள் பொருந்தி, வண்டி பிறந்த பொறியோடே இருப்பதைக் கண்டு, புதையல் எடுத்தவர்போல் துள்ளினார். அங்குலக் கணக்கில் புரி வெட்டிய பழைய திருகாணிகளை விரலால் தடவியே இனங்கண்டு போற்றி, பிற்காலத்தில் புகுந்தவற்றையெல்லாம் இரக்கமின்றிக் கழற்றி எறிந்தார். அவற்றுள் ஒன்று புகைக்குழாய். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரும்புக் குழாயை ரஜீவ் தானே வெட்டி ஒட்டி, ஓட்டை விழுந்த இடத்தில் தகரம் சுற்றியிருந்தான். "ஐயையோ, இந்தக் கோலத்தோடயா இத்தன வருசம் ஓடுச்சு!" என்று சிரித்து அதனைப் பழைய இரும்புக் குவியலில் வீசியவர், பண்டாரவளையில் ஒரு காய்கறி வணிகரின் கிடங்கில் கிடந்த, அவ்வகை வண்டிக்கே உரிய மூலக் குழாயைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்து பூட்டினார். பிறந்தபடியே ஆக்கிவிட்டால் பிறந்த குரலே வரும் என்று அந்த நல்ல மனிதர் முழுமனத்தோடு நம்பினார்.

வண்டியைப் பெற வந்த அக்காலையில், ஏற்றத்தில் வரும் ஒலியைத் தொலைவிலிருந்தே கேட்கவேண்டுமென்று நிஷாந்தினி கீழ்வளைவில் போய் நின்றுகொண்டாள். மரியநாயகம் சரிவில் இறங்கித் திரும்பி, மேலேறி வந்தார். வண்டி அடங்கிய குரலில், உலைநீர் கொதிப்பதுபோல் சீராக, இனிமையாக ஒலித்தது. பட்டறைக் கதவைப் பற்றியபடி கேட்டுக்கொண்டிருந்த கலாராணியின் முகம் வாடிப்போயிற்று.

"என்ன தங்கச்சி, சத்தம் எப்பிடி?" என்றார் அவர், பெருமிதம் பொங்க.

"நல்லா இருக்குங்கண்ணே. ஆனா இது அவரு வர்ற சத்தம் இல்லீங்க. அது கரகரன்னு இழுத்துக்கிட்டு வரும். திருப்பத்துல படபடன்னு வெடிக்கும். அந்தப் பழைய சைலன்சர் எங்கண்ணே?"

மரியநாயகம் வண்டியை விட்டு இறங்கினார். "அது கம்பெனி சாமான் இல்லன்னு பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேம்மா. உருக்கியிருப்பாங்க. நல்லது செய்யிறதா நெனச்சி..." என்று இழுத்தார்.

"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்றாள் கலாராணி. அவள் கண்ணீர் விட்டு ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அப்போது வளைவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த நிஷாந்தினி, தாயின் இடையைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, கேட்டேன்மா! கீழருந்து இங்க வர்ற வரைக்கும் கேட்டேன்! அப்பா இப்பிடித்தான் வருவாராம்மா?"

கலாராணி மரியநாயகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் தலை கவிழ்ந்தார். மகளின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு, குரல் நடுங்காமல் சொன்னாள்:

"ஆமா கண்ணு. இப்பிடித்தான் வருவாரு."

சிறுமி மகிழ்ந்து, அவ்வொலியை வாயாலேயே ஒலித்துப் பார்த்துக்கொண்டு முன்னே நடந்தாள். எங்கோ தொலைநாட்டுத் தொழிலாளர் அமைத்த குரலைத் தந்தையின் வருகையென்று அவள் ஆயுள் முழுதும் போற்றிவைப்பாள். மாலை வேளையில் ரஜீவ் வீடு திரும்பிய ஒலியை அறிந்த செவி இனி இவ்வுலகில் ஒருத்திக்கே உண்டு. அவ்வொலியைக் கலாராணி எவர்க்கும் காட்ட இயலாது.