மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

திரை மறுபடியும் கறுத்துவிட்டது. கம்ப்யூட்டர் கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் அகப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி மட்டும் வெள்ளையாக நின்றது.

"ஒண்ணுமில்ல மாமா, கொஞ்சம் அடம் பிடிக்குது," என்று மாப்பிள்ளை மாமனாரிடம் சொன்னார். மாமனாரும் ஏதோ பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதுபோலச் சிரித்து வைத்தார். பக்கத்தில் நின்ற சின்னவள், அந்த வீட்டின் இளைய மகள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு மூன்று மணிக்குப் பரீட்சை.

வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் கணக்குப் பிரிவு வேலைக்கான பரீட்சை அது. தங்க இடமும் அவர்களே தருவார்கள். பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கம்ப்யூட்டரில்தான் எழுத முடியும்; செல்போனில் திறக்காது. அவள் புருஷனை விட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருஷமாகிறது. விருந்தாளி யாராவது மணி அடித்தால் அவள் உள்ளறைக்குப் போய்விட வேண்டும் என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த வீட்டில் சட்டமாகியிருந்தது. இந்த வேலை கிடைத்தால் போய்விடலாம். கிடைக்காவிட்டால் உள்ளறைதான்.

கம்ப்யூட்டர் காலை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை என்று அக்காவோடு வந்த மாப்பிள்ளை அதைப் பார்த்தாரோ இல்லையோ, சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை உருவிவிட்டார்.

"இந்தப் பழைய சிஸ்டத்த இன்னும் வச்சு அழறீங்களா? தூக்கிட்டு புதுசு போட்டுத் தர்றேன். அரை மணி நேரம்."

"இன்னைக்கு வேணாம் மாமா. பரீட்சை இருக்கு."

"ஏம்மா, மாப்பிள்ளையே சொல்றார், அப்புறம் என்ன?" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

மாப்பிள்ளை ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பது உண்மை. அங்கே மேஜை நாற்காலி வாங்கிப்போடும் பிரிவில் இருக்கிறார் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை இந்த வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது சிஸ்டம் அழகாகத்தான் ஏறியது. நீலத்தில் மலையும் ஏரியுமாகப் படம் வந்ததும் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது, காபி கொண்டுவந்தாள். பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொல்லித் திரையில் வந்தது. மாப்பிள்ளை எடுத்துப் பையில் போட்டார், கிளப்பினார், கறுத்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து ஏற்றினார். மலையும் ஏரியும் வந்தன. பென்டிரைவை எடுத்தார். போச்சு.

அடுத்த தடவையும் அப்படியே ஆனபோது சின்னவளுக்குப் பொறி தட்டியது.

"மாமா, அதை எடுக்காம அப்படியே விட்டுக் கிளப்பிப் பாருங்களேன்? அதை எடுத்தாத்தானே நின்னுபோகுது?"

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. "எடுக்கணும்னு ஸ்கிரீன்லயே போட்டிருக்கு. படிச்சவதானே நீ?"

அம்மா கண்ணாலேயே அவளை அடக்கினாள். அப்பா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இன்னைக்கும் திறந்திருப்பார்ப்பா. கூட்டிட்டு வந்துடறேன். இல்லைன்னா அங்கேயே உக்காந்து எழுதிட்டு வந்துடறேன்."

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்பிள்ளை காலையிலேருந்து குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கார். நீ வெளியாளக் கூட்டிட்டு வந்தா அவருக்கு என்ன மரியாதை? எழுந்து வெளிய போனாலும் அதே கதைதான். இருக்கறது ஒரு மாப்பிள்ளை. அவர் மனசும் கோணிட்டா உங்க அக்கா நிலைமை என்ன ஆகும்னு யோசிச்சியா?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மாப்பிள்ளையை இழந்தவள் இன்னொருவரைக் காப்பாற்றித்தான் தீர வேண்டும் என்பது வீட்டின் கணக்கு.

சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "டிஸ்க் செத்துப்போச்சு. அடுத்த வாரம் புதுசோட வர்றேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க." நிம்மதியாகச் சாப்பிட்டார். சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டுக் கூடத்துச் சோபாவில் படுத்துக் குறட்டைவிட்டார். அப்பா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

சின்னவள் உள்ளறையில் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். கதவு திறந்து அக்கா உள்ளே வந்தாள். காலையிலிருந்து வாயே திறக்காதவள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் பென்டிரைவ் இருந்தது.

"சொருகு," என்றாள்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"சொருகுடீ."

சின்னவள் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். மலையும் ஏரியும் வந்தன. விஷயம் இவ்வளவுதான்: கிளப்பிவிடும் பகுதியை மாப்பிள்ளை டிஸ்க்கில் வைக்காமல் பென்டிரைவிலேயே வைத்துவிட்டார். வீட்டைக் கட்டிப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட மாதிரி.

பரீட்சை திறந்தது. முதல் பத்துக் கேள்வியை ஒரே மூச்சில் முடித்தாள். அக்கா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதியில் கூடத்தில் குறட்டை நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவு தட்டப்பட்டது.

"என் பென்டிரைவ் எங்க? உள்ள என்ன நடக்குது?"

"துணி மாத்தறோம்," என்றாள் அக்கா.

"இவ்வளவு நேரமாவா?"

"ஆமா. நேரமாகும்."

இவ்வளவு அலட்சியமாக அக்கா அவரிடம் பேசிச் சின்னவள் கேட்டதே இல்லை. அவள் திரும்பாமல் எழுதினாள். வெளியே அப்பா ஏதோ சமாதானம் சொல்வது கேட்டது, அம்மா காபி போடட்டுமா என்று கேட்பதும் கேட்டது. கடைசிக் கேள்வியை முடித்து அனுப்பினாள். விடைகள் வந்து சேர்ந்தன என்று திரை சொன்னது.

"முடிஞ்சுதுக்கா," என்று திரும்பினாள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. "எங்க வீட்ல குளியலறைக் குழாய்ல தண்ணி வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஃபேன் ஓடல. வாஷிங் மெஷின் பிரிச்சுப் போட்டபடியே கெடக்கு. எல்லாத்தையும் அவரே சரி பண்ணுவார். ஆள் கூப்பிடலாமான்னு ஒரு தடவை கேட்டேன். அப்புறம் கேக்கறதில்ல."

"ஏங்க்கா?"

அக்கா ரவிக்கையின் கைப்பகுதியைக் கொஞ்சம் மேலே தூக்கி, கன்றிப்போன இடத்தைக் காட்டிவிட்டு இறக்கிக்கொண்டாள்.

கதவு மறுபடியும் தட்டப்பட்டது, இந்தத் தடவை பலமாக. "மாப்பிள்ளை கூப்பிடறார், திறங்கம்மா," என்று அப்பாவின் குரல் கெஞ்சியது.

"தங்க இடம் தருவாங்கன்னு சொன்னியே," என்றாள் அக்கா, கதவிலிருந்து முதுகை எடுக்காமல். "அதுல ரெண்டு பேர் இருக்கலாமா?"