வெளியே போன ஓட்டு

வெர்னாவுக்குத் தம்பி ஆரின் மேல் இருந்த நம்பிக்கை சர்ச்சின் மேல்கூட இருந்ததில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில், அவர்கள் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, நடத்தும் வாரியத்தில் மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருவன் கூடப்பிறந்தவன். பிறகென்ன கவலை?

கவலை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து மக்காச்சோள நிலத்தை வாங்கிய கம்பெனி, அங்கே சரளை தோண்டப் போகிறேன் என்றது. விவசாய நிலம் என்று வரைபடத்தில் இருப்பதைத் தோண்டும் நிலமாக மாற்ற வாரியம் ஓட்டுப் போட வேண்டும். மாற்றினால் ஊற்றெல்லாம் அந்தப் பள்ளத்துக்கு இறங்கி வெர்னாவின் கிணறு போச்சு. அவளும் அவளுடைய கறவை மாடுகளும் குடிக்கிற ஒரே கிணறு அது.

முதலில் வாரியத்துக்கு யோசனை சொல்லும் திட்டக்குழு கூடியது. தோண்டலாமா கூடாதா என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டுமே! லாரி எந்த வழியாக வரும், பள்ளம் தெரியாமல் மறைக்க என்ன மரம் நடலாம் என்று சாயங்காலம் முழுக்கப் பேசிவிட்டு, அனுமதிக்கலாம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கழுத்தை அறுக்கப் போகிறவன் கத்திக்கு என்ன கலரில் உறை போடலாம் என்று யோசித்த கதைதான்.

கடைசி ஓட்டு வாரியத்தில். ஆரினும் இன்னும் இரண்டு பேரும் எதிர்ப்பு. தலைவி லொரெய்னும் கேலனும் ஆதரவு. சரளை கிளம்பினால் யாருடைய லாரிகள் ஓடும் என்பது ஊரில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். கேலனிடம்தான் லாரிகள் இருந்தன. மூன்றுக்கு இரண்டு, ஜெயிக்கிற கணக்குதான். சமமாக வந்தால்தான் ஆபத்து. அப்போது திட்டக்குழு சொன்னதே நிற்கும் என்பது அந்தக் கவுண்டியின் விதி.

கூட்டத்தன்று மத்தியானம் ஆரின் வந்தான். காபி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"அக்கா, நான் ஓட்டுப் போடப் போறதில்ல."

"என்னடா உளர்ற?"

"நீ என் அக்கா. சொந்தக்காரங்க விஷயம் வந்தா எந்திரிச்சு வெளிய போறதுதானே முறை."

"அப்படிப் போய்த்தான் ஆகணுமா?"

"வக்கீலக் கேட்டேன். கட்டாயம் இல்ல, உங்க மனசாட்சியப் பொறுத்ததுன்னாரு."

"அப்ப பேசாம உக்காந்து கையத் தூக்கு."

ஆரின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். "நான் எந்திரிச்சா கேலனால உக்காந்திருக்க முடியாதுக்கா. ஊரே பாத்துக்கிட்டு இருக்குமே. வெக்கத்துல அவனும் எந்திரிச்சுருவான். அப்புறம் ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்ச மாதிரியும் ஆச்சு, நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேச முடியாது."

"கேலனுக்கு வெக்கமா? அதை எந்தக் கடையில வாங்குவான்?"

"அப்படிச் சொல்லாதக்கா. சர்ச்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து வேதப்பாடம் படிச்சவங்க."

அந்த ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கே இந்த வியாதி உண்டு. தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவனும் பிடிப்பான் என்று நம்புவார்கள். வெர்னா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

சாயங்காலம் வாரியம் கூடும் கோர்ட் கட்டிடத்தில் நாற்காலி போதவில்லை. பேச ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்னா கிணற்றைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. "நன்றி வெர்னா," என்றாள் லொரெய்ன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஆரின் எழுந்தான். காரணத்தைச் சொன்னான். வெளியே போனான். ஜனம் கைதட்டியது. கைதட்டு ஓய்ந்ததும் எல்லார் கண்ணும் கேலன் மேல்.

கேலன் நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஆரின் செஞ்சது பெரிய மனுஷத்தனம். அவரை நான் மதிக்கிறேன். எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் எந்த ஒப்பந்தமும் இல்ல. இன்னைக்கு வரைக்கும்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இரண்டுக்கு இரண்டு. திட்டக்குழு சொன்னது நின்றது. அடுத்ததாக, பனி அள்ளும் வண்டிக்கு டயர் வாங்குவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நடைவழியில் ஆரின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். "கேலன் எந்தப் பக்கமாக்கா வெளிய போனான்?"

"அவன் எங்கயும் போகலடா."

"நான் முறைப்படிதானே செஞ்சேன்?"

"ஆமாடா, முறைதான். நீ யோக்கியன்னு ஊரே கைதட்டுச்சே, கேட்டுச்சா? அந்தக் கைதட்டல என் மாடுங்க குடிக்குமா?"

அந்தத் திருடன் கேலன் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. உள்ளே இருக்க வேண்டியவன் வெளியே நின்றான் பார், அதுதான் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆரினின் கையைப் பிடித்துக் குலுக்காதவர் இல்லை. முதலில் குலுக்கியவன் கேலன். அடுத்த கோடையில் அவனுடைய லாரிகள் வேலியோரமாக ஓடின. வெர்னாவின் குழாயில் முதலில் கலங்கல் வந்தது, பிறகு வெறும் காற்றுதான் வந்தது. கம்பெனி வருத்தம் தெரிவித்தது.

இப்போது சனிக்கிழமைதோறும் ஆரின் தன் வண்டியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு வருகிறான். அவனாகவே குழாயை மாட்டி மாட்டுத்தொட்டியை நிரப்புகிறான். வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஊரில் வழி கேட்டு வந்தவனைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். ஆரினும் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டியருகே நிற்பான். அவள் கதவைத் திறப்பதில்லை.