நான்கு விநாடிப் புகை

அந்த விண்கலத்தில் இருந்த வாயு அளக்கும் கருவிக்கு ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் வைத்த செல்லப்பெயர் மூக்கு. அதைப் பன்னிரண்டு வருஷம் பிள்ளை போல வளர்த்தவள் மூக்கக்கா. அவள் புருஷனுக்குக் கலத்தைத் திருப்பும் சின்னச் சின்ன உந்திகளின் பொறுப்பு. எரிக்கிற வேலை என்பதால் அவர் அடுப்பு. மூக்கும் அடுப்பும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதைப் பற்றி கேன்டீனில் கிண்டலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

கலம் ஆராயப் போன, பனி மூடிய தூரத்து நிலாவுக்குக் காற்று என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. பனியிலிருந்து கசியும் நீராவியும் கொஞ்சம் ஆக்ஸிஜனும்தான். கலம் தொட்டும் தொடாமலும் அதைக் கடக்கும் சில நிமிஷங்களுக்குள் மூக்கு மோந்துவிட வேண்டும். முதல் முறை கடந்தபோது அம்மோனியா கிடைத்தது. அம்மோனியா இருந்தால் பனிக்கு அடியில் தண்ணீர் உறையாமல் இருக்கலாம், கடலே இருக்கலாம். மூக்கக்கா ஒரே நாளில் ஊரறிந்த ஆளாகிவிட்டாள். கட்டுரை வந்தது, விருது வந்தது. அதுவரை அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காத நிலையத் தலைவர் "நம்ம பொண்ணு" என்று சொந்தம் கொண்டாடினார்.

இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது கடப்பு நெருங்கியது. அதுதான் கடைசி, அதன்பிறகு கலம் அந்த நிலாப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அம்மோனியா மறுபடி வந்தால் அவள் சொன்னது நிலைக்கும். வராவிட்டால் முதலில் எதைப் பார்த்தாய் என்று கேள்வி வரும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே புருஷன் சொன்னார். "எதுக்கு இப்படி பயப்படறே? நான் பாத்துக்கறேன்."

"நீங்க என்னத்தப் பாத்துப்பீங்க?"

"கிட்ட போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி உந்திய ஒரு நாலு செகண்ட் எரிச்சாப் போதும். அவ்வளவு சின்னது டேங்க் அளவுல தெரியாது, பதிவும் என் கையிலதான். போன தடவையும் யாருக்கும் தெரியலையே."

உந்தி கக்கும் புகையில் அம்மோனியா உண்டு. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அதனால்தான் கடப்பு நேரத்தில் உந்தியைத் தொடக்கூடாது, சுழலும் சக்கரங்களை வைத்தே கலத்தைத் திருப்ப வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவளே அவள்தான். துடைத்துக்கொண்டிருந்த தட்டை அவள் கீழே வைத்தாள்.

"போன தடவையா?"

அவர் குழாயை மூடினார். சக்கரம் ஒன்று மக்கர் செய்ததாம். கலம் தானாகவே உந்தியை எரித்துவிட்டதாம். சொல்லிவிடலாம் என்று ஓடி வந்தாராம். அதற்குள் கூடம் முழுக்கக் கைதட்டல், அவளைத் தோளில் தூக்கிவைக்காத குறை. சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். மகானுக்கு அந்த 'நாளைக்கு' இரண்டு வருஷமாக வரவேயில்லை.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எனக்கு மனசு வரல."

கத்தியிருந்தால் ஆறியிருக்கும். அவள் கத்தவில்லை. மேடை மேடையாக ஏறி அவள் பெருமை பேசியது வீட்டு அடுப்புப் புகையைப் பற்றி. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவரும் இவரே.

"இந்தத் தடவ அதத் தொடாதீங்க."

"சரிம்மா. தொடல."

கடப்பன்று பெரிய திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. நீராவி. ஆக்ஸிஜன். அப்புறம், போன தடவையைவிடக் குட்டையாக, அம்மோனியா. கூடமே எழுந்து நின்றது. அவள் தலைகளுக்கு மேலாகப் புருஷனைத் தேடினாள். அவர் தன் மேஜையிலிருந்து மெதுவாகத் தலையாட்டினார், இல்லை என்று.

காரில் ஏறியதும் சொன்னார், "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. இது நெஜம். நீ ஜெயிச்சுட்டே."

நிஜமாகவே இருக்கலாம். அந்த நிலாவில் அம்மோனியா இருக்கலாம், அடியில் கடலும் இருக்கலாம். அதையும் உந்திப் புகையையும் பிரித்துச் சொல்ல அவளுடைய மூக்குக்குத் திராணி இல்லை. உந்தி எரிந்ததா இல்லையா என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். அவளுக்காக எதையும் செய்யத் துணிந்த மனுஷர் அந்தச் சாட்சி.

மறுநாள் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சரி, மொதல்ல வந்தது புகை. ரெண்டாவது? அவர்தான் தொடலேங்கறாரே."

"ஆமா சார்."

"நீ நம்பறியா?"

கதவின் கண்ணாடி வழியாக, வெளியே புருஷன் காத்து நிற்பது தெரிந்தது. அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. போன தடவை அவர் கைதட்டியபோதும் அந்த மனசு அப்படித்தான் நம்பியது.

"ரெண்டையும் தள்ளிடுங்க சார்," என்றாள்.