எஸ்-என் குடும்பம்

அகராதி வாத்தியார் என்று அவருக்குப் பெயர் வைத்தது மாணவர்கள். அகராதி பிடித்த வாத்தியார் என்று அதற்கு உரை எழுதியது அவருடைய மச்சினன். இரண்டும் பொருந்தித்தான் இருந்தன. வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கில வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை வீட்டின் முன்னறையில் நடத்திவந்தார். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்து, விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவர் மனைவியின் வேலை. தடுப்பு சும்மா பேருக்குத்தான். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும்.

அவர் பாடம் நடத்தும் விதமே தனி. வார்த்தைகளுக்கும் சொந்தபந்தம் உண்டு என்பார். இரண்டு எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்குகிற வார்த்தைகளைக் குடும்பத்தோடு அழைத்துவருவார். ஜி, எல் என்றால் வெளிச்சக் குடும்பம்: க்ளோ என்றால் ஒளிர்வது, க்ளிட்டர் என்றால் மினுங்குவது, க்ளிம்ப்ஸ் என்றால் கண்ணில் பட்டு மறைவது. எஸ், என் என்றால் மூக்குக் குடும்பம்: ஸ்னீஸ் தும்மல், ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம். வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு, காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அர்த்தத்தை வகுப்புதான் கத்த வேண்டும். தப்பாகக் கத்தியவன் அன்று தொலைந்தான். அவனை மட்டுமல்ல, அவனுக்குப் பால்வாடியில் பாடம் எடுத்தவர்கள் வரைக்கும் வாரிவிடுவார்.

எல்லாக் குடும்பத்திலும் ஓடுகாலி ஒன்று இருக்கும், அதைத்தான் தேர்வில் கேட்பான் என்பதும் அவர் சொல்வதுதான். எஸ்-என் குடும்பத்து ஓடுகாலி ஸ்னேர். மூக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது கண்ணி, மிருகத்தின் காலைப் பிடிக்கிற சுருக்குக் கயிறு. பலகை துடைக்கிற துணியைத் தன் மணிக்கட்டில் சுருக்குப் போட்டு, திமிறத் திமிற இறுகுவதை நடித்தே காட்டுவார். ஆங்கிலம் அவ்வளவாகப் படிக்காத அவர் மனைவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்னேருக்கு அர்த்தம் சொல்லுவாள்.

சமீப காலமாக அவர் காதில் வைத்த கையை எடுக்க நேரமானது. திட்டும் குறைந்திருந்தது. வயசு ஏற ஏறக் கோபம் இறங்குகிறது என்று அவள் தன் அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டாள். ஒருவேளை தன் பொறுமைக்குக் கிடைத்த பலனாக்கும் என்றுகூட நினைத்தாள்.

அன்று காலை வகுப்பில் மூக்குக் குடும்பம் ஓடியது. ஸ்னேர் என்றார். பின்வரிசையிலிருந்து வாயாடி ஒருவன், “மூக்கு ஓட்டை சார்” என்று கத்தினான். யாரோ சிரித்தார்கள். செத்தான் பயல் என்று மேஜையருகே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கரெக்ட்,” என்றார் வாத்தியார். “அடுத்தது.”

ஏதோ விளையாட்டு, கடைசியில் வைத்துக்கொள்வார் கச்சேரியை என்று அவள் காத்திருந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். கச்சேரி நடக்கவில்லை. சாப்பிடும்போது கேட்கலாமென்றால் அவர் தட்டை விட்டுத் தலையே தூக்கவில்லை. எதையாவது கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாள்.

மாலை வகுப்பில் வேறு ஆட்கள். மறுபடியும் ஸ்னேர் வந்தது. யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் குரல் கணீரென்று வந்தது.

“மூக்கு ஓட்டை. எழுதிக்கங்க.”

காலையில் சொன்னது விளையாட்டென்றே வைத்துக்கொண்டாலும், இப்போது யாருக்காக இந்த விளையாட்டு? அந்த வாயாடி இந்த வகுப்பிலேயே இல்லை.

கடைசி ஆள் படியிறங்கியதும் உள்ளே போனாள். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்னேர் என்றால் என்ன என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அவர் சிரித்தபடி திரும்பி, காதில் கையை வைத்தார்.

பதில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போயிற்று. கை காதிலேயே இருக்க, அவர் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“மூக்கு ஓட்டை,” என்றார் கடைசியில். “காலையில சொன்னாங்களே.”

“அது கண்ணிங்க.”

கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைத் துழாவினார். பிறகு முன்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததேயில்லை.

மெல்ல மெல்லத்தான் வந்தது விஷயம். காலையில் அவர்கள் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொண்டு மாலையில் இவர்களுக்கு நடத்துகிறார். எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் வெளிச்சக் குடும்பம் போயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் போயிற்று. காதில் கையை வைத்தால் யாராவது சொல்லிவிடுகிறார்கள், வண்டி ஓடுகிறது என்றார்.

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படியா மூடி மறைப்பது என்று கத்தினாள். நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம், வேலை அலுப்பாக இருக்கும், வேறொன்றும் இருக்காது என்று அவளே கேள்வி கேட்டு அவளே பதிலும் சொன்னாள்.

“வீட்ல நல்லாத்தானே பேசறீங்க? எனக்குத் தெரியாமப் போகுமா?”

“நீ ஆரம்பிச்சிடுவ. நீ சொல்றத வச்சு நானும் பேசிடுவேன்.”

அவர் வாய் திறப்பதற்குள் அவருக்கு என்ன வேண்டுமென்று தனக்குத் தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். மூக்குக் கண்ணாடி, தண்ணீர், வந்தவரின் பெயர், எல்லாம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அந்த வாய் எப்போது திறப்பதை நிறுத்தியது என்று யோசித்தாள். பயமாக இருந்தது.

“ஒண்ணு செய்யறியா,” என்றார் அவர், சாக்பீஸ் ஒட்டிய விரல்களைப் பார்த்தபடி. “காலையில எந்திரிச்சதும் நீயே முதல்ல பேசிடு.”

“ஏங்க?”

“நேத்து நீ பேசாம பக்கத்துல உக்காந்திருந்த. யாருன்னு தெரியல. கேக்கறதுக்கும் பயமா இருந்துச்சு.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். குழாய் ஒழுகுவது, அக்கா பெண்ணுக்கு வரன் பார்ப்பது, அவருடைய சட்டைப் பொத்தான் என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். மூச்சு வாங்க நிறுத்தினாள். அவர் பார்த்த பார்வையைக் கண்டதும் மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.