சாம்பல் தொட்ட கை

ஐந்து நாளுக்கு முன் ஆற்றில் விட்ட கெண்டை செத்து மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தது. அதன் விலாவில் பஞ்சு போல வெள்ளை பூத்திருந்தது. ராமக்காள் குனிந்து பார்த்தாள். ஐந்து விரல்களின் தடம். அவளுடைய விரல்கள்.

தூண்டிலில் பிடித்த மீனை அளந்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவது வெள்ளைக்காரத் துரையின் வழக்கம். அவள் புருஷன் மல்லையன் பரிசல் ஓட்டினான். களைத்த மீனைத் தண்ணீரில் தாங்கி நின்று, தெம்பு வந்ததும் விடுவது அவள் வேலை. இது மூன்றாவது சாவு.

"இன்னொண்ணு செத்தா துரை உங்கள விட்டுட்டுச் செல்லன் பரிசலுக்குப் போயிருவாராம்," என்றார் பட்லர் சவுரியப்பன். "என்னம்மா பண்ணித் தொலைக்கற?"

"வழுக்குதுங்களே. வூட்ல மீன் ஆயறாப்பல சாம்பலத் தொட்டுக்கிட்டுத்தான் புடிக்கறேன்."

"அது கொழம்புக்குப் போற மீனு. இது அது வூட்டுக்குப் போற மீனும்மா!"

சிரித்துக்கொண்டே அவர் துரையிடம் சொன்னார். துரை சிரிக்கவில்லை. மீன்மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் காப்பு, சாம்பல் அதை உரித்துவிடுகிறது, உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கிறது என்றாராம். ராமக்காள் மடியிலிருந்த சாம்பலைக் கரையில் உதறினாள்.

மதியத்துக்கு மேல் பெரிய கெண்டை ஒன்று சிக்கியது. அது ஓய்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. காலையில் கேழ்வரகுக் காட்டில் களையெடுத்த இடுப்போடு அவள் தண்ணீரில் இறங்கினாள். கையை நன்றாக நனைத்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றுக்கடியிலும் மற்றதை வாலடியிலும் கொடுத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்தாள். மீன் வழுக்கி இரண்டு முறை மல்லாந்தது. அமுக்காமல் நிமிர்த்தினாள்.

பரிசலிலிருந்து மல்லையன் கத்தினான். "பெத்த புள்ளையக்கூட இத்தன நேரம் தாங்கல நீ!"

"அத வாங்கிக்க உங்க ஆத்தா இருந்துச்சு. இத வாங்கிக்க யாரு இருக்கா?"

கால் மரத்தது. இப்போதே விட்டால் என்ன என்று தோன்றியது. செவுள் மெல்லத்தான் திறந்து மூடியது. விடவில்லை. கடைசியில் வால் ஒரு முறை அவள் கையை அடித்தது. மீன் போய்விட்டது.

அதன் பிறகு தினமும் விடியலில் மணல்திட்டு முழுவதும் நடந்து பார்த்தாள். ஆறாம் நாளும் ஒன்றும் ஒதுங்கவில்லை. செத்திருந்தால் இதற்குள் ஒதுங்கியிருக்கும். அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"துரை வந்துட்டாரு, எந்திரி," என்றான் மல்லையன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.